பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லோரும் வாய் திறக்க

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனாலும் பல கூட்டங்களில் பேசுவதென்னவோ மூன்று நான்கு பேர்தான். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள்.

கேள்வியைக் குறுக்குங்கள். "பள்ளியை எப்படி மேம்படுத்தலாம்?" வேண்டாம், "கழிப்பறையில் உடனே சரிசெய்ய வேண்டியது எது?" என்று கேளுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, இருவர் இருவராகப் பிரியுங்கள். ஏ4 தாளை நான்காகக் கிழித்து ஜோடிக்கு இரண்டு துண்டு. ஐந்து நிமிடம் பேசிவிட்டு, துண்டுக்கு ஒரு யோசனை, பெயர் வேண்டாம். ஒருவர் எழுதினால் போதும் என்பதால் எழுதப் படிக்கத் தெரியாதவர் தனியாகத் தெரிய மாட்டார். வார்டு உறுப்பினரையும் அவர் தெருக்காரரையும் ஒன்றாகப் போடாதீர்கள்: உறுப்பினர் சொல்வதுதான் தாளில் ஏறும்.

துண்டுகளைக் கலைத்து, ஒரு பெற்றோர் உரக்க வாசிக்கட்டும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துக் கரும்பலகையில் எழுதி, தங்களுக்கு முக்கியமாகப் படும் யோசனைகளுக்கு நேரே ஆளுக்கு இரண்டு கோடு போடச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் கடைசியில் பேசுவதுதான் இதில் முக்கியம், கடினமும் அதுவே. "அதுக்கு நிதி இல்லீங்க" என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் துண்டைத் தர மாட்டார்கள்.

நேரம் பார்க்க ஒருவரை வையுங்கள். தீர்மானப் பதிவேட்டை வாசித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் பக்கத்தில் வாங்கவே வேண்டாம்.