கரண்ட் போனால் கேஸ் ஹீட்டரும் நின்றுவிடும்

கனடாவின் டொராண்டோவில் 2013 டிசம்பர் 21, 22-ல் பெய்த உறைமழை (பட்ட இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் மழை) மரக்கிளைகளை முறித்து மின்கம்பிகள் மேல் போட்டது. நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பல வீடுகள் கிறிஸ்துமஸ் அன்றும் இருட்டில் கிடந்தன. "எங்களுடையது கேஸ் ஹீட்டர்தானே" என்று இருந்துவிடாதீர்கள். கேஸ் வந்தாலும், சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்குக் கரண்ட் வேண்டும்.

குளிர் தாங்கவில்லையென்று கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கராஜ் கதவைத் திறந்துவிட்டு அங்கே வைப்பதும் வேண்டாம். இவை எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இந்த வாயு வந்தால் ஒலிக்கும், பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்றை இன்றே வாங்கி மாட்டுங்கள். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். உயரமான அடுக்குமாடிகளில் பம்ப் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும், அதனால் புயல் எச்சரிக்கை வந்ததுமே வாளிகளை நிரப்புங்கள். திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும். தனி வீடென்றால் தண்ணீர் மெயின் வால்வு எங்கே என்று பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்; குழாய் உறைந்து வெடித்தால் முதலில் அதைத்தான் மூட வேண்டும்.