பூர்தியூ, ஃபூக்கோன்னு பிஎச்டி பண்ணக் கிளம்புறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோஷியாலஜில எம்ஏ முடிச்சுட்டு ஃப்ரெஞ்ச் சமூகவியலாளர் பூர்தியூ மேலயோ ஃப்ரெஞ்ச் தத்துவவாதி ஃபூக்கோ மேலயோ ஒரு மயக்கம் வந்து, இனிமே வாழ்க்கை முழுக்க இதான்னு கிளம்புற பசங்க வருஷா வருஷம் கண்ணுல படுறாங்க. மயக்கம் தப்பில்ல, அது இல்லாம அஞ்சாறு வருஷம் அந்தப் புத்தகங்களோட மல்லுக்கட்ட முடியாது. ஆனா அதுக்கப்புறம் பண்ற சில தவறுகள் தீசிஸையும் கெடுக்குது, வேலைக்கு அப்ளை பண்றப்பவும் காலை வாருது.

இருக்கிறதுலயே பெரிய தவறு, தியரி ஏதோ வானத்துல இருந்து இறங்கி வந்த மாதிரி படிக்கிறது. பூர்தியூன்னா ஹாபிடஸ் (வளர்ந்த விதத்துல உடம்புல ஊறின பழக்கம்), ஃபீல்டு (ஆளுங்க இடத்துக்குப் போட்டி போடுற ஒரு துறை), கல்ச்சுரல் கேப்பிடல் (படிப்பு, ரசனை, பேச்சுன்னு சொத்து மாதிரி உதவுறது)னு மூணு வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டெஃபனிஷன், முதல் சேப்டர் ரெடின்னு நினைச்சுக்கறாங்க. அந்த மனுஷன் 1930ல ஃப்ரான்ஸோட தென்மேற்கு மூலையில பெயார்ன் பகுதில ஒரு கிராமத்துல பொறந்தவரு, அப்பா தபால் ஆபீஸ் ஊழியர், படிச்சது ஃபிலாசஃபி, 1955ல ராணுவ சேவைக்குன்னு அல்ஜீரியாவுக்கு அனுப்பிட்டாங்க, அங்க விடுதலைப் போர் நடந்துட்டு இருந்த நேரம். சேவை முடிஞ்சும் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்துக்கிட்டே கபைல்ங்கற அல்ஜீரிய மலைப்பகுதி விவசாயிங்க கிட்டயும், ராணுவம் ஊரைக் காலி பண்ணி முகாம்ல அடைச்ச ஜனங்க கிட்டயும் போய் ஆய்வு பண்ணாரு. கூடவே இருந்தவரு அப்துல்மாலிக் சயாத்னு ஒரு அல்ஜீரிய மாணவர், ரெண்டு பேரும் சேர்ந்து இதைப் பத்தி எழுதின புத்தகம் 1964ல வந்துச்சு, சயாத் பேரு நம்ம தீசிஸ்கள்ல தலையே காட்டாது. ஒரு விவசாயி நேரத்தைப் பத்தியும் பணத்தைப் பத்தியும் மானத்தைப் பத்தியும் உடம்புல ஊறின பழக்கத்தோட இருக்கான், திடீர்னு கூலி வேலையும் கடனும் வேற கணக்கைக் கேக்குது, அவன் தடுமாறுறான், அந்தத் தடுமாற்றத்தைப் புரிஞ்சுக்கத்தான் இவருக்கு ஹாபிடஸ் தேவைப்பட்டுச்சு. அதோட நிக்கல, சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி வந்து கல்யாணமே ஆகாம நின்னுட்ட விவசாயக் குடும்பத்து ஆம்பளைங்களைப் பத்தி 1962ல ஒரு நீளமான கட்டுரை எழுதினாரு, கிறிஸ்மஸ் டான்ஸ்ல டவுன் பசங்க எல்லாம் ஆட, இவங்க மட்டும் ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருக்கிற காட்சி அதுல வரும். அந்தக் கட்டுரையைப் படிச்சவங்களுக்கு ஹாபிடஸுக்கு டெஃபனிஷனே தேவைப்படாது. ரசனை பத்தி 1979ல வந்த அந்தக் குண்டுப் புத்தகமும் அப்படித்தான், 1963லயும் 1967-68லயும் 1217 பேர் கிட்ட எடுத்த சர்வே அதுக்கு அடியில இருக்கு, அந்தப் பக்கங்களை அப்படியே தள்ளிட்டுப் போறவங்கதான் அதிகம். ஃபூக்கோவுக்கும் இதே கதைதான். ஜெயில் பத்தின புத்தகம் வந்தது 1975ல, அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே ஜெயில் நிலவரத்தை வெளிய கொண்டு வர ஒரு குழுவைத் தொடங்கி, கைதிங்க கிட்டயும் அவங்க குடும்பங்க கிட்டயும் கேள்வித்தாள் சுத்த விட்டவர் அவரு.

இதைச் சரியா புரிஞ்சுக்கிட்ட ஆளுக்கு உதாரணம் லோயிக் வக்கான். ஃப்ரெஞ்சுக்காரர், பிஎச்டிக்கு 1985ல சிகாகோ போனாரு. பூர்தியூ கூடச் சேர்ந்து 1992ல புத்தகமே போட்ட ஆளு, அதை வெச்சே காலத்தை ஓட்டிருக்கலாம். ஆனா 1988ல சிகாகோவோட கறுப்பர் பகுதில ஒரு பாக்ஸிங் ஜிம்ல சேர்ந்து, மூணு வருஷத்துக்கு மேல அடி வாங்கி, போட்டில கூட ஏறிட்டு, அப்புறம்தான் உடம்பு எப்படிக் கத்துக்குதுன்னு எழுதினாரு. எல்லாரும் மூக்கு உடைஞ்சுக்கணும்னு சொல்லல. தியரியை எதுல உரசிப் பாக்கப் போறீங்கன்னு ரெண்டாவது வருஷம் முடியறதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க, அவ்ளோதான்.

அடுத்தது, கையில கிடைச்ச எடிஷனை முழுப் புத்தகம்னு நம்புறது. இதுல பெரிய பெரிய ப்ரொஃபசருங்களே சிக்கிருக்காங்க. பைத்தியக்காரத்தனத்தோட வரலாறுன்னு ஃபூக்கோ 1961ல போட்டது பெரிய தலையணை சைஸ் புத்தகம். 1964ல ஃப்ரெஞ்சுலயே ஒரு சுருக்கப் பதிப்பு வந்துச்சு, 1965ல இங்கிலீஷ்ல வந்ததும் பெரும்பாலும் அந்தச் சுருக்கம்தான், பல சேப்டர் போச்சு, அடிக்குறிப்புல பெரும்பகுதி போச்சு. இங்கிலீஷ்ல முழுசா கிடைச்சது 2006ல. நடுவுல நாப்பது வருஷமா, ஃபூக்கோ ஆதாரம் இல்லாம அடிச்சு விடுறாருன்னு வரலாற்றாசிரியர்கள் திட்டிக்கிட்டே இருந்தாங்க, நீங்க கேக்குற ஆதாரம் பாதி ஃப்ரெஞ்ச் மூலத்துல இருக்குப்பான்னு ஃபூக்கோ ஆய்வாளர் காலின் கோர்டன் 1990ல ஒரு கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டி வந்துச்சு. அதுனால ஒரு புத்தகத்தைத் திட்டுறதுக்கு முன்னாடி, தலைல தூக்கி வெச்சு ஆடுறதுக்கு முன்னாடியும்தான், அது எந்த வருஷத்து பதிப்பு, என்ன வெட்டிருக்காங்கன்னு முன்னுரையைப் பாருங்க. இங்கிலீஷ்ல வந்த வரிசையும் ஏமாத்தும். பூர்தியூவோட மாணவர்கள் பத்தின புத்தகம் ஃப்ரெஞ்சுல 1964, இங்கிலீஷ்ல 1979. அதுக்குப் பின்னாடி எழுதின கல்வி பத்தின புத்தகம் 1970, இங்கிலீஷ்ல 1977லயே வந்துடுச்சு. இங்கிலீஷ் வரிசையில படிச்சுட்டு, அவரு சிந்தனை இப்படி மாறுச்சு அப்படி மாறுச்சுன்னு எழுதினா வைவாவுல மாட்டிப்பீங்க.

சோஷியாலஜியைத் தொடங்கி வெச்சவங்கள்ல ஒருத்தரான துர்க்கைம் விஷயத்துல இன்னொரு விதமான தவறு நடக்குது, அவரை டெக்ஸ்ட்புக் வழியா மட்டும் பாக்குறது. ஒழுங்கு, ஒற்றுமை, அனாமி (சமூக விதிகள் தளர்ந்து போற நிலை), ஆகவே இவரு கன்சர்வேட்டிவ்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. இந்தப் பிம்பத்துல பெரும்பங்கு அமெரிக்கால அவரைப் படிச்ச விதத்துல இருந்து வந்தது. ரப்பி குடும்பத்துல பொறந்த அந்த யூதர், தேசத்துரோகின்னு பொய்க் குற்றம் சாட்டப்பட்ட யூத ராணுவ அதிகாரி ட்ரைஃபஸ் வழக்குல ஃப்ரான்ஸே ரெண்டா பிளந்தப்ப ட்ரைஃபஸ் பக்கம் வெளிப்படையா நின்னு, 1898ல தனிமனித உரிமையை ஆதரிச்சு ஒரு கட்டுரை எழுதினாரு. ஸ்டீவன் லூக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் அறிஞர் 1969ல அதை இங்கிலீஷ்ல கொண்டு வந்தப்புறம் நிறையப் பேருக்கு துர்க்கைமே வேற ஆளாத் தெரிஞ்சாரு. லூக்ஸோட கேரியரையும் கொஞ்சம் கவனிங்க. ஆக்ஸ்ஃபோர்டுல துர்க்கைம் மேல டாக்டரேட், 1970கள் ஆரம்பத்துல துர்க்கைம் வாழ்க்கையும் எழுத்தும் பத்தி ஒரு பெரிய புத்தகம், ஆனா 1974லயே அதிகாரம்னா என்னன்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு, இன்னிக்கு அவரை அதிகம் பேர் படிக்கிறது அதுக்காகத்தான். ஒரே ஃப்ரெஞ்ச் ஆளோட வாட்ச்மேனா வாழ்நாள் பூரா உக்காந்துடாதீங்கன்னு நான் சொல்றது இதுனாலதான். காலேஜ்லயோ யூனிவர்சிட்டிலயோ போஸ்ட் வர்றது கல்வி, நகரம், ஹெல்த், ஜாதின்னு, பூர்தியூ ஸ்பெஷலிஸ்ட் தேவைன்னு எவனும் விளம்பரம் குடுக்க மாட்டான்.

ஃப்ரெஞ்ச் தியரின்னு எல்லாரையும் ஒரே கூடையில போடுறதும் வேண்டாம். அந்தக் கூடையை முடைஞ்சது பாதிக்கு மேல அமெரிக்கா, 1966ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நடந்த மாநாட்டுக்கு தத்துவவாதி தெரிதா, உளப்பகுப்பாய்வாளர் லக்கான், இலக்கிய விமர்சகர் பார்த் எல்லாம் போனதுல இருந்து லிட்ரேச்சர் டிபார்ட்மென்ட் வழியா பரவினது அது. பூர்தியூ ஃப்ரான்ஸ்ல தெரிதாவோட மோதின ஆளு. பூர்தியூ கூட வேலை பாத்த சமூகவியலாளர் போல்தான்ஸ்கியே பின்னாடி பிரிஞ்சு போய் வேற பாதை போட்டாரு. கல்வில ஏற்றத்தாழ்வு ஏன்னு பூர்தியூ கேட்ட அதே கேள்வியை எடுத்து, குடும்பங்க லாப நஷ்டம் பாத்து எடுக்குற முடிவுதான் காரணம்னு 1973ல சமூகவியலாளர் ரேமோன் பூதோன் எழுதினாரு, பூர்தியூவுக்கு நேர் எதிர். பூதோனைப் படிக்காம பூர்தியூ மேல கல்வி தீசிஸ் எழுதுறது எனக்கு அரைகுறை வேலையாத்தான் தெரியும்.

இப்ப ரசிகர் மன்றத் தவறு. பாரிஸ்ல சொன்னதை அப்படியே எடுத்துட்டு வந்து இங்க ஒட்டுறது, சபா கச்சேரியா, கல்ச்சுரல் கேப்பிடல், இங்கிலீஷ் மீடியமா, கல்ச்சுரல் கேப்பிடல், ஆராய்ச்சி முடிஞ்சுது. சமூகவியலாளர் மிஷேல் லமோன் என்ன பண்ணாங்கன்னு பாருங்க. க்யூபெக்ல வளர்ந்து பாரிஸ்ல பிஎச்டி பண்ணவங்க, ஃப்ரெஞ்ச் அறிவுலகத்தை உள்ள இருந்து பாத்தவங்க, தெரிதா எப்படி அவ்ளோ பெரிய ஆளானாருங்கறதையே 1987ல ஒரு சோஷியாலஜி கேள்வியா கேட்டு கட்டுரை எழுதினாங்க. அப்புறம் பூர்தியூ சொன்னது உண்மையான்னு பாக்க பாரிஸ், க்ளெர்மோன் ஃபெரான், நியூயார்க், இண்டியானாபொலிஸ்னு நாலு ஊர்ல மேல்நடுத்தர வர்க்கத்து ஆம்பளைங்க 160 பேரைப் பேட்டி எடுத்தாங்க. கிடைச்ச பதில், அமெரிக்காவுல கலை ரசனை அவ்ளோ பெரிய கோடு கிழிக்கல, நேர்மை, உழைப்புன்னு ஒழுக்கத்தை வெச்சுத்தான் ஆளை எடை போடுறாங்க, பூர்தியூ இதுக்கு இடமே குடுக்கல. 1992ல வந்த அந்தப் புத்தகம்தான் அவங்க கேரியரைத் தூக்கி விட்டுச்சு, குருவை மறுக்கிற அளவுக்கு டேட்டா வெச்சிருந்தாங்க.

நம்ம ஊர் ஆளுங்க பண்ற ஒரு தவறு மட்டும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாவே இருக்கும். ஃப்ரெஞ்ச் மானுடவியலாளர் லூயி துய்மோன்னு சொன்னா 1966ல ஜாதி பத்தி எழுதின புத்தகம், தூய்மை தீட்டு, உடனே ஒரு சண்டை. சண்டை போட வேண்டிய புத்தகம்தான், சந்தேகமே இல்ல. ஆனா அவரு மானுடவியலாளர் மார்செல் மோஸோட மாணவர், போர்க்கைதியா ஜெர்மனில இருந்தப்ப சமஸ்கிருதம் கத்துக்கிட்டு, அப்புறம் தமிழும் கத்துக்கிட்டு, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்கள்ல தங்கி ஆய்வு பண்ணி 1957ல ஒரு தடிமனான இனவரைவு எழுதினாரு, அய்யனார் சாமி பத்தி தனியா 1953ல ஒரு கட்டுரையும் இருக்கு. கல்யாண உறவு, சீர் செனத்தி, பங்காளி, மாமன் மச்சான்னு நமக்குத் தெரிஞ்ச உலகம் அந்த இனவரைவுல கொட்டிக் கிடக்கு, 1986ல இங்கிலீஷ்லயும் வந்துடுச்சு. ஜாதி பத்தின அவரோட பெரிய தியரி அந்த ஊர்கள்ல பாத்ததோட எங்க ஒத்துப் போகுது, எங்க பிச்சுக்குதுன்னு சரிபாக்க, தமிழ் தெரிஞ்ச ஆளை விட யாருக்கு வசதி, ஆனா நாம பூர்தியூவைத் தேடி பாரிஸ் போறோம்.

சில்லறை விஷயம் ரெண்டு. பாரிஸ்ல ஃபூக்கோ பாடம் நடத்தின கொலேஜ் த ஃப்ரான்ஸ்ல அவரோட மாணவர்னு யாரையாவது பயோடேட்டா ஸ்டைல்ல எழுதாதீங்க, அங்க அட்மிஷனும் கிடையாது டிகிரியும் கிடையாது, யார் வேணா போய் உக்காந்து கேக்கலாம். ஃப்ரெஞ்சைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளிப் போடவும் வேண்டாம், பேச வராட்டி பரவால்ல, படிக்க வரணும், டிக்‌ஷனரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போதும். துர்க்கைம், மோஸ் எழுத்தெல்லாம் க்யூபெக்ல ஒரு பல்கலைக்கழகத்தோட இணைய நூலகத்துல இலவசமா கிடக்கு, பூர்தியூ 1975ல தொடங்கின ஜர்னலோட பழைய இதழ்கள் பெர்சே தளத்துல இருக்கு. அந்த ஜர்னலை ஃப்ரெஞ்ச் வராதவங்க கூட ஒரு தடவை புரட்டிப் பாருங்க, ஃபோட்டோ, விளம்பரம், டேபிள், பேட்டின்னு ஒரே களேபரமா இருக்கும், தியரின்னு தனியா ஒரு பகுதியைத் தேடினா கிடைக்காது.