லேப்ல வளத்த கறி கோஷரான்னு விசாரிக்கிறது எப்படி

கும்பகோணத்துல எங்க வீட்டு மாடியில ரெண்டு ரூம் வாடகைக்கு விடுறோம், தாராசுரம் சுவாமிமலைன்னு பாக்க வர்றவங்க தங்குவாங்க. ஒரு மார்கழியில இஸ்ரேல்ல இருக்குற ஹைஃபாவுலேருந்து ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க வந்து நாலு நாள் இருந்தாங்க, யூதர், கோஷர், அதாவது அவங்க மத விதிப்படி எத சாப்பிடலாம் எத கூடாதுங்குறத ரொம்ப கறாரா பாக்குறவங்க. நான் தஞ்சாவூர்ல ஃபுட் டெக்னாலஜி படிச்சவன், லேப்ல வளக்குற கறியப் பத்தி பேச்சு வந்ததும் விடல, நாலு ராத்திரியும் அதே பேச்சுதான். அதுல கத்துக்கிட்டதயும் அப்புறம் நானே தேடிப் படிச்சதயும் சேத்து எழுதுறேன், ஏன்னா நெட்ல பாத்தா பாதிப் பேர் கோஷர்தாங்குறாங்க, மீதிப் பேர் கிடையவே கிடையாதுங்குறாங்க. ரெண்டுமே அவசரம். ஒவ்வொரு ப்ராடக்டா எடுத்து விசாரிக்கணும்.

சாதாரணக் கறிக்கு என்ன விதின்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க. குளம்பு பிளந்து அசையும் போடுற மிருகமா இருக்கணும், ஷெஹிதாங்குற முறையில அறுத்திருக்கணும், ரத்தம் போக அரை மணி நேரம் தண்ணியில ஊற வச்சு ஒரு மணி நேரம் உப்புல போட்டு அலசணும், பால் தயிர் நெய் எதுவும் கூட சேரக் கூடாது. இப்ப லேப் கறின்னா ஒரு சின்ன செல்ல எடுத்து டேங்க்ல வளக்குறாங்க, அறுக்கவே இல்ல, அப்ப இந்த விதியெல்லாம் எங்க போய் ஒட்டும்? சிக்கலே அங்கதான்.

அதனால மொதல்ல கேக்க வேண்டியது, செல் எதுலேருந்து, எப்படி எடுத்ததுன்னு. முறைப்படி அறுத்த மாட்டுலேருந்து எடுத்திருந்தா பிரச்சனை கம்மி. உயிரோட நிக்கிற மாட்டுலேருந்து ஊசி போட்டு எடுத்திருந்தா, உயிருள்ள மிருகத்தோட அங்கத்த தின்னக் கூடாதுங்குற விதி குறுக்க வருது, இது வேதத்துல பெருவெள்ளத்துலேருந்து தப்பிச்ச நோவாவோட பிள்ளைகளுக்குன்னு சொல்லி எல்லா மனுஷங்களுக்கும் வச்ச விதி. கண்ணுக்கே தெரியாத செல்லுக்கெல்லாம் அந்த விதி கிடையாதுன்னு சில ரப்பிங்க, அதாவது யூத மதகுருங்க, சொல்றாங்க, நாம குடிக்கிற தண்ணியில கிருமி இருக்கத்தான செய்யுது, அத யாரும் பூச்சின்னு தடுக்கலயே.

சரி, செல் துளியூண்டுதான, கணக்குல வராம போயிடாதான்னு நானும் கேட்டேன். தவறி விழுந்த ஒரு பொருள் அறுபதுல ஒரு பங்குக்கு மேல போகலன்னா அது இல்லாத மாதிரின்னு யூத மதச் சட்டமான ஹலக்காவுல ஒரு கணக்கே உண்டு. அந்த நேரம் அம்மா அடுக்களையில பால ஆத்தி உறை ஊத்திக்கிட்டு இருந்தாங்க, ஒரு ஸ்பூன் மோர், அவ்வளவுதான். டீச்சரம்மா அந்தச் சட்டியக் காட்டி, இந்த ஒரு ஸ்பூன் இல்லன்னா நாளைக்கு இது தயிராகுமான்னு கேட்டாங்க. மொத்தத்தயும் உருவாக்குறதே அந்தக் கொஞ்சம்தான்னா எத்தன மடங்கு கலந்தாலும் அது கழியாது, சீஸுக்குப் பால உறைய வைக்கிற பொருளுக்கு இந்த விதியத்தான் பாக்குறாங்களாம். கறி செல்லும் அப்படித்தான்னு ஒரு தரப்பு. எனக்கு இந்த வாதம்தான் ரொம்ப பலமா படுது.

பன்னி செல்லுன்னா பெரும்பாலானவங்க ஒத்துக்க மாட்டாங்க, சுத்தமில்லாததுலேருந்து வர்றதும் சுத்தமில்லங்குறது பழைய விதி. ஆனா செல் தன் பழைய அடையாளத்தயே இழந்துடுதுன்னு 2018ல ரப்பி யுவால் செர்லோ அதக்கூட சாப்பிடலாம்னார், சின்னக் குரல்தான், தெரிஞ்சு வச்சுக்கங்க.

அடுத்து அந்த செல்லுக்கு என்ன ஊட்டி வளத்தாங்கன்னு பாருங்க, இத நிறையப் பேர் விட்டுடுறாங்க. ஆரம்பத்துல எல்லாரும் கன்னுக்குட்டிக் கருவோட ரத்தத்துலேருந்து எடுத்த சீரம்தான் ஊத்துனாங்க, ரத்தம்னா யூத வேதமான தோராவுலயே நேரடித் தடை. இப்ப சீரம் இல்லாம வளக்குற கம்பெனிங்க இருக்கு, அதனால லேபிள்ல சீரம் உண்டா இல்லயான்னு பாக்காம பேசவே பேசாதீங்க. செல் ஒட்டி வளர்ற சட்டகம் ஜெலட்டினா இருந்தா அது எந்த மிருகத்துதுன்னும் கேக்கணும்.

கடைசிக் கேள்வி, இது கறியா, இல்ல பரேவா? பரேவ்னா கறியுமில்ல பாலுமில்ல, காய்கறி மாதிரி. இங்கதான் பெரியவங்களே ரெண்டா நிக்கிறாங்க. 2023 ஜனவரியில இஸ்ரேலோட தலைமை ரப்பி டேவிட் லாவ், ஆலெஃப் ஃபார்ம்ஸ்ங்குற கம்பெனியோட லேப் ஸ்டேக்க பரேவ்னார், ஆனா கறின்னு சொல்லி விக்காம காய்கறி வகைப் பொருளாத்தான் விக்கணும், மத்த சேர்மானத்துக்கும் மேற்பார்வை வேணும்னு சேத்தே சொன்னார். அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவோட ஓ.யூ. கோஷர் அமைப்பு சூப்பர்மீட்ங்குற கம்பெனியோட லேப் கோழிக்கு முத்திர குடுத்துச்சு, செல் எடுத்தது கருவான முட்டையில ரத்தம் புடிக்கிறதுக்கு முன்னாடி, ஆனா வகை மட்டும் கறின்னே போட்டாங்க. இதுல யாரு சரின்னு நாம தீர்ப்பு சொல்ல வேணாம், சாப்பிடுறவங்க எந்த ரப்பிய நம்புறாங்களோ அதுதான் கணக்கு.

இந்தக் கேள்வி நேத்து மொளச்சதும் இல்ல. தல்மூதுங்குற பழைய யூதச் சட்ட நூல்ல, சன்ஹெட்ரின்ங்குற பகுதியில 59ஆம் ஏட்டுல ஒரு கதை இருக்கு, ரப்பி ஷிமோன் பென் ஹலஃப்தாவ வழியில சிங்கங்க மறிச்சு கர்ஜிக்க, அவரு வேண்டினதும் வானத்துலேருந்து ரெண்டு தொடக்கறி விழுந்துச்சாம். ஒண்ண சிங்கம் தின்னுச்சு, மிச்சத்த அவரு தூக்கிக்கிட்டு போய் இது ஆகுமா ஆகாதான்னு பாடசாலையில கேட்டாராம். வானத்துலேருந்து ஆகாதது எதுவும் இறங்காதுன்னு பதில். கைக்கு வந்த கறியக்கூட கேக்காம வாயில வைக்கல பாருங்க, அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் புடிச்சுது.

பரேவ்னே வச்சுக்கிட்டாலும் பாக்குறவங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்குறது ஒண்ணு இருக்கு. கறியில பாதாம் பால் ஊத்துனா பக்கத்துல நாலு பாதாம வச்சிடணும்னு பல நூறு வருஷமா பழக்கம். டீச்சரம்மா எங்க வீட்டு தேங்காப்பால் குழம்பப் பாத்துட்டு, இதுல கறி இருந்திருந்தா ஒரு தேங்காக் கீத்த இலையோரமா வச்சிருப்பேன்னாங்க. அதே மாதிரி லேப் கறிய தயிரோட பரிமாறுனா அந்தப் பாக்கெட்டயும் தெரியுற மாதிரி வைங்க.

கெளம்புற அன்னிக்கு அம்மா டிகிரி காபி நீட்டிக்கிட்டே, லேப் கறி சாப்பிட்டா இது குடிக்கலாமாம்மான்னு கேட்டாங்க. பரேவ்னா இப்பவே குடுங்க, கறின்னா ஆறு மணி நேரம் கழிச்சு, எங்க ரப்பி இன்னும் ஒண்ணும் சொல்லல, அதனால நான் ரெண்டாவதத்தான் எடுத்துப்பேன்னு சொல்லிட்டு டம்ளர வாங்கிக்கிட்டாங்க, அன்னிக்கு சாப்பிட்டது இட்லிதான்.