கூடைப்பந்துத் தடுப்பாட்டம்: முதலில் கால், பிறகுதான் கை

புதிதாக வரும் பிள்ளைகளைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினால், எடுத்த எடுப்பில் கையை நீட்டிப் பந்தைத் தட்டப் பார்ப்பார்கள். கை நீண்டால் உடல் முன்னால் சாயும். சாய்ந்த ஆளைப் பக்கவாட்டில் கடப்பது எளிது. அதனால் முதல் சில நாட்கள் கைக்கு வேலையே கொடுக்காதீர்கள்.

நிற்கும் நிலை

பாதங்கள் தோளைவிடச் சற்று அகன்றிருக்கட்டும். நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியில் நின்றதுபோல இடுப்பு தாழட்டும். பார்வை பந்தின்மேல் வேண்டாம், எதிராளியின் இடுப்பின்மேல் இருக்கட்டும். தலையும் தோளும் போக்குக் காட்டும்; இடுப்பு போகாத பக்கம் ஆள் போக முடியாது.

பக்கவாட்டு நகர்வு

கூடைக்குக் கீழுள்ள கட்டம் 4.9 மீட்டர் அகலம். அதன் ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்கு 30 நொடிகள் போய்வரச் சொல்லுங்கள். இடப்பக்கம் போக வலது கால் தரையை உந்த வேண்டும். கால்கள் பின்னக்கூடாது, ஒட்டவும் கூடாது. தள்ளி நின்று தலையை மட்டும் கவனியுங்கள். அது ஏறி இறங்கினால் பிள்ளை நகரவில்லை, குதிக்கிறான்.

துண்டுப் பயிற்சி

எனக்கு மிகவும் பிடித்தது இது. தடுப்பவர் ஒரு துண்டின் இரு முனைகளையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்தோடு வருபவர் மைதானத்தின் 28 மீட்டர் நீளத்தையும் வளைந்து வளைந்து கடப்பார். முதலில் நடைவேகம், பிறகு பாதி வேகம், கடைசியில் முழு வேகம். பந்து தடுப்பவரின் இடப்பக்கம் மாறினால், அவர் இடது காலைப் பின்னுக்கு இழுத்து இடுப்பைத் திருப்ப வேண்டும். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். இங்கே மட்டும் ஆட்டத்தை நிறுத்தி, அந்த ஓர் அடியைப் பத்து முறை மெதுவாகச் செய்ய வையுங்கள். எதிராளி கடந்துவிட்டால் பக்கவாட்டில் நகர்ந்து பயனில்லை. திரும்பி ஓடி, முன்னால் போய் மறுபடி நிற்கட்டும்.

ஒருவருக்கு ஒருவர்

இனிக் கையை விடுவிக்கலாம். ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, பந்தைக் கீழிருந்து சீண்டலாம். எதிராளியின் இடுப்பில் கை வைத்து நிறுத்தினால் ஃபவுல். பன்னாட்டு விதிப்படி ஐந்து ஃபவுலானால் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து (கூடையைச் சுற்றியுள்ள பெரிய வளைகோடு) தொடங்குங்கள். பந்துக்காரர் மூன்று முறைக்கு மேல் பந்தைத் தரையில் தட்டக்கூடாது. தடுத்தவர் அடுத்த ஆளுக்கும் அங்கேயே நிற்கலாம். ஃபவுல் செய்தவர் மறுபடியும் துண்டை எடுத்துக்கொள்ளட்டும்.