பாரிசுக்குப் படிக்கச் செல்லும் புதுச்சேரி மாணவர்களுக்கு: முதலில் முகவரி, பிறகு மற்றவை

புதுச்சேரி, கடலூர் பகுதிகளிலிருந்து மேற்படிப்புக்காகப் பாரிஸ் செல்லும் மாணவர்களில் பலருக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ அத்தையோ தூரத்து உறவினரோ இருப்பார். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கிறார்கள். இந்த உறவு பெரிய பலம்தான். ஆயினும் அந்த நகரில் காலூன்றுவதற்கு உங்கள் பெயரிலேயே ஒரு முகவரி வேண்டும். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்குவது கடினம். வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் மருத்துவச் செலவில் அரசு திருப்பித் தரும் பங்கும், பகுதிநேர வேலைக்கான சம்பளமும் வந்து சேர வழியில்லை.

புறப்படுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெற்றோர் பெயர்கள் உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு, அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை பெற்று, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் பெயர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தாக மட்டும் நிற்கும் தந்தையின் பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். பிரெஞ்சு அலுவலகத்தில் இருப்பவருக்கு இவை இரண்டு வெவ்வேறு மனிதர்களின் ஆவணங்களாகவே தோன்றக்கூடும் என்பதால், எல்லாத் தாள்களிலும் பெயர் ஒரே விதமாக உள்ளதா என்று ஊரிலேயே சரிபார்த்துத் திருத்திவிடுவது நல்லது.

தங்குமிடத்துக்கு முதலில் க்ரூஸ் எனப்படும் அரசு மாணவர் விடுதிகளையும், 14-ஆம் வட்டாரத்தில் உள்ள பன்னாட்டு மாணவர் குடியிருப்பு வளாகத்தையும் நாடுங்கள். 1968-இல் திறக்கப்பட்ட இந்திய இல்லம் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் ஏறினால் இடையில் மாறாமலேயே அங்கு இறங்கலாம். தனியார் வீடு பார்ப்பவர்களிடம் வீட்டுக்காரர் உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பார். அதற்காக உறவினரைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. விசால் என்ற இலவச உத்தரவாதத் திட்டத்தில் மாணவர்கள் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அதைப் பெற்றுவிட வேண்டும். அறைகலன்களோடு வாடகைக்கு விடப்படும் வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல், யார் கேட்டாலும் பணம் அனுப்பாதீர்கள். சாவி வாங்கும் அன்று வீட்டின் நிலையைப் பதிவு செய்யும் ஆவணத்தில், சுவரின் ஆணித்துளை முதல் ஒழுகும் குழாய் வரை ஒவ்வொன்றையும் எழுதச் செய்து படமும் எடுத்து வையுங்கள்; முன்பணம் முழுதாகத் திரும்புவது பெரும்பாலும் அந்தத் தாளைப் பொறுத்ததே.

அதுவரை உறவினர் வீட்டில் தங்குபவர்கள், தங்க இடமளித்திருப்பதாக அவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல், அண்மைய மின் கட்டண ரசீது ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டால் அதுவே முகவரிச் சான்றாகும். அதோடு கட்டடத்தின் கீழே உள்ள தபால் பெட்டியில் அவர் பெயருக்கு அடியில் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டையும் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான் வருகின்றன. பதிவுத் தபால் வந்த வேளையில் நீங்கள் இல்லையென்றால் ஒரு சீட்டு விட்டுச் செல்வார்கள். அந்தச் சீட்டோடும் பாஸ்போர்ட்டோடும் பதினைந்து நாட்களுக்குள் தபால் நிலையத்துக்குப் போக வேண்டும்.

நீண்ட கால மாணவர் விசாவை, நாட்டுக்குள் நுழைந்த மூன்று மாதங்களுக்குள் இணையத்தில் கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்தியாக வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. தவறினால், விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டு அதே விசாவில் திரும்பிப் போக முடியாது. அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிவதற்குக் கட்டணம் இல்லை; பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு உதவுவது இங்கேதான். பிறகு ஒரு மருத்துவரை உங்கள் நிலையான மருத்துவராக அறிவித்துவிடுங்கள், அப்படிச் செய்தால் ஆலோசனைக் கட்டணத்தில் வழக்கமாக 70 சதவீதம் திரும்பக் கிடைக்கும், செய்யாவிட்டால் 30 சதவீதமே. 26 வயதுக்குக் குறைந்தவர்கள் இமாஜின் ஆர் என்ற ஆண்டுப் பயண அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

சமையலைப் பொறுத்தவரை, மாணவர் அறைகளில் மின்னடுப்பே இருக்கும், அதுவும் பல இடங்களில் இண்டக்‌ஷன் அடுப்பாக இருக்கும். எடுத்துச் செல்லும் குக்கரின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா வீடுகளிலும் புகை எச்சரிக்கைக் கருவி 2015 முதல் கட்டாயம் என்பதால், மிளகாய் தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் லா ஷப்பேல் மெட்ரோ நிலையத்தை அடுத்த ஃபொபூர் சேன் தெனி வீதியில் கிடைக்கும். அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் தம் உழைப்பால் எழுப்பிய கடைத்தெரு அது. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. வாரம் ஒருமுறை அங்கே போய் வருவது மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் நாள்தோறும் மாலைப் பொழுதை அங்கேயே கழித்தால் பிரெஞ்சு பேச நா பழகாது. கடையில் நுழைந்தாலும் அலுவலகத்தில் வரிசை வந்தாலும் முதலில் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டே எதையும் கேளுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன் பிறகு அங்கே மாலை ஐந்தரை என்றால் இங்கே இரவு பத்து; வீட்டுக்குப் பேசும் நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். அந்த வாரங்களில் சோர்வு வருவது இயல்பு, அறைக்குள்ளேயே அடைந்திராமல் நண்பகல் வெளிச்சத்தில் சற்று நடந்து வாருங்கள்.

பகுதிநேர வேலை ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை அனுமதிக்கப்படுகிறது. சம்பளச் சீட்டு தராத வேலையை ஏற்க வேண்டாம். வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க, அது முடிவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பிருந்து இரண்டு மாதங்களுக்கு முன்பு வரை விண்ணப்பிக்கலாம். அப்போது வருகைப் பதிவையும் தேர்வு முடிவுகளையும் கேட்பார்கள் என்பதால், முதல் நாளிலிருந்தே எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.