பழைய ஃபிரேமுக்கு மண்சில்லு மொசைக்

சென்னையில் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் காயலான் கடைகளில் கேட்டால் பழைய போட்டோ ஃபிரேமும் சுவர் அலமாரியும் உள்ளேயிருந்து எடுத்துப் போடுவார்கள். பாதி ஃபிரேம் சாமி படத்தோடுதான் வரும். படத்தைக் குப்பையில் போட மனசு வராது, கோயில் அரசமரத்தடியில் வைத்துவிடுவேன்.

விலை பேசுவதற்கு முன் ஃபிரேமைத் தரையில் ஒரு தட்டு தட்டுங்கள். மாவு கொட்டினால் உளுத்த மரம், வேண்டாம். மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஆடினால் முதலில் ஃபெவிகால் வைத்து இறுக்க வேண்டும், ஏனென்றால் மேலே ஒட்டப்போகும் மண்சில்லுகளின் கனம் கொஞ்சமல்ல. தூள் அழுத்திச் செய்த பலகையை நான் தொடவே மாட்டேன், ஈரம் பட்டால் உப்பிவிடும்.

சில்லுக்கு மண் கொசப்பேட்டையில் வாங்குகிறேன். பொம்மை செய்கிறவர்களிடம் கேட்டால் பதமாகப் பிசைந்ததே கிடைக்கும். நியூஸ்பேப்பர் மேல் மண்ணை வைத்து, இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) போட்டு, சப்பாத்திக் கட்டையால் தேயுங்கள். ரீப்பர் இருந்தால் எல்லாம் ஒரே கனத்தில் வரும். ஸ்கேல் வைத்துச் சிறு சதுரங்களாக வெட்டுங்கள். காய்ந்து சுடும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், அதனால் சற்றுப் பெரிதாகவே வெட்ட வேண்டும். நிழலில், அடிக்கடி திருப்பிப்போட்டுக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளையும். நன்றாகக் காய்ந்ததும் சூளை வைத்திருப்பவரிடம் கொடுத்துச் சுட்டு வாங்குங்கள். சுடாத மண், சில்லுகளின் இடுக்கை அடைக்கும் சிமெண்ட் கலவையான கிரௌட்டின் ஈரத்தில் கரைந்துவிடும்.

சுட்ட சில்லுகளின் முகப்பில் அக்ரிலிக் வண்ணம், அதன்மேல் இரண்டு கை வார்னிஷ். வார்னிஷைத் தவிர்க்காதீர்கள். சுட்ட மண் சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சி வெளுத்துப்போகும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பின்பக்கத்தை மட்டும் அப்படியே விடுங்கள், பசை பிடிக்க வேண்டுமே.

மரத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு பூசுங்கள். அது காய்ந்ததும் சில்லுகளை 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு, டைல்ஸ் கிரௌட்டைக் கெட்டியாகக் கலந்து இடுக்குகளில் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் கூடினால் காய்ந்ததும் வெடிக்கும். கால் மணி நேரம் கழித்து, பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்தெடுங்கள்.

அலமாரி என்றால் முன்விளிம்பிலும் பக்கவாட்டிலும் மட்டும் ஒட்டுவதே என் வழக்கம். தட்டின் மேலே ஒட்டினால் அழகுதான், ஆனால் டம்ளர் ஆடும்.

மாட்டுவதற்கு ஆணி போதாது. சுவரில் துளை போட்டு, பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்குங்கள். எங்களைப் போல ராயபுரத்தில் இருப்பவர்கள் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவாகக் கேட்டு வாங்குங்கள். கடல் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்து, சுவரெல்லாம் கறை இறங்கும்.