அம்மா அப்பாவுக்கு எண்ணெய் குறைந்த அடை

சர்க்கரை, பிரஷர் இருக்கும் அம்மா அப்பாவுக்குக் காலையில் அடை செய்வதென்றால், தோசைக்கல் முன்னால் நிற்காமல், மாவை மஃபின் தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓவனில் 200 டிகிரியில் 20, 25 நிமிடம் வைத்துவிடுங்கள், குழிகளில் லேசாக எண்ணெய் தடவினால் போதும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

அடை மாவைப் புளிக்க வைக்க வேண்டியதில்லை என்பதால் ஈனோ, சோடா மாவு எதுவும் தேவைப்படாது, அவற்றில் இருக்கும் சோடியமும் மிச்சம். 1 கப் அரிசிக்கு 2 கப் பருப்பு என்று போட்டால் மாவுச்சத்து குறையும். துருவிய சுரைக்காயைத் தாராளமாகச் சேருங்கள், இல்லாவிட்டால் தொண்டையை அடைக்கும். உப்பைப் பாதியாக்கி இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையைக் கூட்டினால் பெரிதாகக் குறை தெரியாது (என் அனுபவத்தில் அப்பாக்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்).

சாதாரண மைக்ரோவேவில் இது சரிவராது, மேலே சிவக்காமல் ரப்பர் மாதிரி ஆகிவிடும், உலோகத் தட்டையும் அதில் வைக்கக் கூடாது. அப்புறம், சிறுநீரகக் கோளாறுக்காகப் பருப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இந்த அடை வேண்டாம்.